வலது பக்கத்து நாற்காலிகள்

எங்கள் சபையில் நாற்காலிகளை இரண்டு பக்கமாகப் போடுவோம். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் கன்னடம். யாரும் எழுதி ஒட்டவில்லை, தானாக அமைந்தது. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் லாரிக்கு பாடி கட்டிக்கொண்டிருந்த தகரக் கொட்டகையில் கூடுகிறோம். இடது பக்கத்தில் உட்காருகிறவர்கள் கம்பெனி வேலைக்காகத் தெற்கத்திச் சீமையிலிருந்தும், சேலத்திலிருந்தும், என்னைப் போலச் சாமல்பட்டியிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். வலது பக்கத்தில் தளிப் பக்கத்துப் பூத்தோட்டக்காரர்களும், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும். தெலுங்கு பேசுகிற நாலைந்து குடும்பங்கள் எந்தப் பக்கம் மின்விசிறி நன்றாக ஓடுகிறதோ அந்தப் பக்கம் உட்காரும். அவர்களுக்கு இரண்டும் புரியும்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில், போதகருக்கு ஓர் அடி தள்ளி, இரண்டாவது மைக்கோடு பதினோரு வருடம் நின்றவள் நான். அவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அதைக் கன்னடத்தில் சொல்வேன். கன்னடத்தில் யாராவது எழுந்து தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னால் தமிழுக்கு மாற்றுவேன். தற்பெருமை கூடாது என்று அந்த மேடையிலிருந்தே எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு இணையாக அந்த வேலையைச் செய்ய ஓசூர் வட்டாரத்தில் ஆள் கிடையாது. கம்பெனியில் சேர்ந்த புதிதில் கன்னடப் பெண்கள் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கினேன். தண்ணீர் பிடிக்கிற சண்டையில்தான் அந்த மொழி எனக்கு வந்தது. ஜெபம் அப்புறம் வந்தது. அதனால் என் கன்னடத்தில் எப்போதும் கொஞ்சம் காரம் இருக்கும்.

இப்போதுள்ள போதகர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். தெற்கத்திப் பேச்சு, மெல்லிய குரல். அவருடைய பிரசங்கம் தமிழில் உப்புச் சப்பில்லாமல் இருக்கும், கன்னடத்தில் போகும்போது நான் உப்புப் போட்டு அனுப்புவேன். வலது பக்கம் 'ஆமென்' ஓங்கி ஒலிக்கும், இடது பக்கம் முனகும். அதைக் கேட்டு எனக்குள் குளிரும். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், இன்றைக்கு யாருடைய பிரசங்கத்துக்கு அத்தனை ஆமென் என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே சோறு போடச் சொல்வார்.

கம்பெனியிலும் எனக்கு நல்ல பெயர். வண்டிகளுக்கு உள்ளே போகிற ஒயர் கட்டுகள் செய்கிற கம்பெனி. நான் லைன் லீடர், எனக்குக் கீழே நாற்பது பேர். என் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். எங்கள் வீட்டில் வேறு யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. வேலைக்கு வந்த ஊரில் நானாகக் கேட்டு, நானாக நம்பி வந்தவள். அந்தக் கர்வமும் சேர்ந்தால் கேட்கவேண்டுமா? கிறிஸ்துவைப் போல மாற வேண்டும் என்று வாரம் தவறாமல் இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி தூரம் வந்துவிட்டதாகவே எனக்கு நினைப்பு.

மைக் பிடிக்கிறவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேடைக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு வைத்த சின்ன அறை இருக்கிறது. கன்னடம் மட்டும் தெரிந்தவர்கள் போதகரிடம் தனியாகப் பேச வந்தால் நானும் உள்ளே போக வேண்டும். போதகருக்குக் கன்னடத்தில் 'நமஸ்காரா'வைத் தாண்டி எதுவும் வராது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்தவள்தான் தளிப் பக்கத்துச் சாமந்திக்காரி. அரை ஏக்கரில் சாமந்தி போட்டு ஓசூர் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவள். வலது பக்கம் கடைசி வரிசை. என்னைவிட நாலைந்து வயது குறைவு, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுடைய மகளுக்குத் தேன்கனிக்கோட்டையில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் அறவே போகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, வேண்டாமா? இதுதான் அவள் கேள்வி. அவள் அழுதுகொண்டே கேட்டதை நான் தமிழில் சொன்னேன். போதகர், நீங்களே போய்ச் சொல்லுங்கள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்குப் பிறகு அவர்கள் எடுக்கிற முடிவு எதுவானாலும் உங்கள் தலை நிமிர்ந்திருக்கும் என்றார். வருகிற ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நேராகப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் எழுந்தாள். போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெண்களின் உபவாச ஜெபம். பதினாறு பேர் வட்டமாக உட்காருவோம். ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். வேலை கிடைக்க, கால்வலி தீர, குடி விட என்று எல்லாரும் வழக்கமானதைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. எனக்கு உண்மையிலேயே பாரமாகத்தான் இருந்தது. பாரத்தோடு இன்னொன்றும் இருந்தது: இவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லக் கூடாது என்று கவனமாக ஆரம்பித்தேன். தளிப் பக்கம் ஒரு சகோதரி, பூத்தோட்டம், ஒரே பெண், சம்பந்தம் தேன்கனிக்கோட்டையில், பெண்ணுக்கு வலிப்பு. பெயர் மட்டும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தி எனக்கு. எல்லாரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். அன்றைக்கு நான் சொன்ன குறிப்புக்குத்தான் அதிக நேரம் ஜெபம் நடந்தது என்பதையும் கவனித்தேன்.

புதன்கிழமைக்குள் செய்தி தேன்கனிக்கோட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நேரே தோட்டத்துக்கு வந்து, நோயை மறைத்து ஏமாற்றப் பார்த்தீர்களா என்று கேட்டு, தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்னும் நாலு நாளில் தானே போய்ச் சொல்லியிருப்பாள். இப்போது மறைத்தவள் என்ற பெயர்தான் அவளுக்கு மிஞ்சியது.

அந்த ஞாயிறு அவள் வந்தாள். உள்ளே வரவில்லை. ஆராதனை முடிந்து போதகர் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். நானும் அவர் பக்கத்தில்தான் நின்றேன். கன்னடத்தில் பேசினாள், கத்தவில்லை. உங்களை நம்பித்தானே சொன்னேன், என் பெண்ணின் வாழ்க்கையைத் தெருவில் போட்டுவிட்டீர்களே, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். வலது பக்கத்துக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்டார்கள்.

போதகர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுதாங்க?"

அங்கேதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். சம்பந்தம் நின்றுவிட்டதாம், மனசு உடைந்து போயிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் வாடி, எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்ன சொல். அதை அப்படியே கன்னடத்தில் சொன்னேன். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதாக அவள் காதில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் காதிலும் அப்படித்தான் விழுந்தது. என் பதினோரு வருடத்தில் அவ்வளவு கச்சிதமாக ஒரு பொய்யை நான் மொழிபெயர்த்ததே இல்லை.

வாரத்துக்கு வாரம் வலது பக்கம் காலியானது. போதகரிடம் ஒன்றும் சொல்ல முடியாது, ஊரெல்லாம் தமுக்கடித்துவிடுவார் என்று பேச்சு. மூன்றாவது வாரம் கமிட்டி மூப்பர்கள் அவரைப் பிடித்துக் கேட்டுவிட்டார்கள், நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா என்று. நான் அப்போது மைக் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன். பிளைவுட் அறையில் இருந்தது மூன்று பேர். அவள் சொல்லவில்லை, அவர் சொல்லவில்லை. கணக்குத் தெரியாதவரா அவர்? சுற்றிய வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. "அந்த ரூம்ல பேசுனது வெளிய போயிருக்கு. அந்த ரூமுக்கு நாந்தான் பொறுப்பு. வேற யாரையும் கேக்காதீங்க" என்றார்.

அதோடு முடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல இரண்டாவது மைக்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நாலு காரணம் வைத்திருந்தேன். ஜெபத்துக்காகத்தானே சொன்னேன், பெயர் சொன்னேனா, சொன்னது வெளியே போனதற்கு நானா பொறுப்பு என்று எல்லாம் தயாராக இருந்தது. கேட்கவே இல்லையே அந்த மனிதர். சண்டை போட ஆளில்லாமல் என் கோபம் எனக்குள்ளேயே சுற்றியது. அவருடைய தெற்கத்திப் பேச்சைக் கிண்டல் செய்து நான் கணவரிடம் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். "பாஸ்டரே கம்முனு இருக்காரு. நீ எதுக்கு இப்ப கெளப்பற? மைக்கும் போயிரும், மானமும் போயிரும்" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சொல்லாமலே இருந்திருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அந்தத் திங்கட்கிழமை வராமலிருந்தால்.

எங்கள் லைனில் தினமும் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்றபடி மீட்டிங் நடக்கும். நான்தான் பேசுவேன். அன்றைக்கும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: தப்பான பீஸ் கை தாண்டிப் போயிருச்சுன்னு தெரிஞ்சா உடனே சிவப்பு பட்டனை அமுக்குங்க, லைன் நின்னா நிக்கட்டும், நான்தான் விட்டேன்னு சொல்லுங்க, சொன்னவங்களை நான் ஒருநாளும் திட்டினதில்லை, மறைச்சவங்களைத்தான் திட்டியிருக்கேன். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பேச்சு. பாதியில் நிறுத்திவிட்டேன். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, பாத்ரூமில் போய் நின்று அழுதேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கு அன்றைக்குத்தான் தன் பேச்சு தன் காதில் விழுந்தது.

சனிக்கிழமை லீவு போட்டுத் தளி பஸ் ஏறினேன். ஓசூரில் வியர்த்த உடம்புக்குத் தளியில் இறங்கியதும் குளிர்ந்தது. விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அவள் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தாள். மகள் வரப்பில் உட்கார்ந்து கூடையில் பூவைத் தட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜெபத்தில் சொன்னதையும், வாசலில் அவள் பேசியதை விழுங்கியதையும், போதகர் எதற்கென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். கடைசியில் "தப்பாய்த்து" என்றேன். அந்த ஊரில் தவறு செய்தவர்கள் சொல்கிற சொல் அதுதான். அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. ஒரு பாத்தி முழுவதையும் பறித்து முடித்தாள். பிறகு நிமிர்ந்து கன்னடத்தில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன், இந்த முறை ஒரு சொல்லையும் குறைக்காமல்.

"எனக்கு அந்த பாஷை வராது. அதனால உங்க வாயை என் வாய்னு நெனச்சேன். அந்த வாய்தான் என் வீட்டுக் கதவைத் தொறந்து விட்டுது. உங்களை மன்னிக்கறனா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா அந்த மனுஷனை நான் எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். அவர் தலை குனிஞ்ச எடத்துல நீங்க நிக்கணும். இங்க வந்து சொன்னா ஆச்சா? அங்க சொல்லுங்க. நாங்க வந்து கேக்கறோம்."

மகள் எழுந்து உள்ளே போய் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்க எனக்குத் தைரியம் வர நேரமானது.

மறுநாள் சாட்சி நேரத்தில் மைக்கை எடுத்தேன். வலது பக்கம் கடைசி வரிசையில் அம்மாவும் மகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தமிழில் சொன்னேன். எந்த ஜெபம், எந்த அறை, எந்த வாசல் எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் ஒரு வார்த்தையும் வெளியே விடவில்லை, விட்டவள் நான் என்றேன். ஒப்புக்கொண்டாயிற்று என்று ஒரு கணம் லேசாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, பாதிதான் ஆகியிருக்கிறது. வலது பக்கத்தில் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்கு மொழிபெயர்க்க யார் வருவார்கள்? நானேதான் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கன்னடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. உப்பும் போடவில்லை, காரமும் போடவில்லை. அவ்வளவு வெறுமையான கன்னடத்தை நான் அந்த மேடையில் பேசியதே இல்லை. முடித்ததும் மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, இனி இதைத் தொடுகிற தகுதி எனக்கில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

போதகர் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பாராட்டவும் இல்லை, சபைக்குப் பாடம் சொல்லவும் இல்லை. இரண்டாவது மைக்கைக் கையில் எடுத்து, இன்றைக்குச் செய்தியைக் கன்னடத்தில் யார் சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டார். யாரும் எழவில்லை. நான் தலையைத் தூக்கவில்லை. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

சாமந்திக்காரியின் மகள் நடந்து வந்தாள். ஓசூரில் கல்லூரி முடித்த பெண், இரண்டு மொழியும் வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மைக்கை வாங்கினாள். முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில் சொன்னாள்: "எனக்கு வலிப்பு உண்டு. நாங்களே சொல்லணும்னு இருந்தோம், முடியாம போச்சு. இப்ப நானே சொல்றேன். நான் பேசறப்ப விழுந்துட்டா யாரும் பயப்படாதீங்க. சாவி கீவின்னு கையில திணிக்க வேணாம்." நிறுத்தி, என் பக்கம் கையைக் காட்டினாள். "அக்கா முன்னாடி வந்து உக்காந்துக்குவாங்க. அவங்க புடிச்சுக்குவாங்க."

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் பதினோரு வருடப் பெருமையில் அப்படி ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்ததில்லை. எழுந்து போய் வலது பக்கம் முதல் வரிசையில், அவள் நிற்கிற இடத்துக்கு மிக அருகில் உட்கார்ந்தேன்.

அந்தச் சம்பந்தம் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் வாயால் போனது போனதுதான். வெள்ளிக்கிழமை வட்டத்தில் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சாமந்திக்காரி என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் மார்க்கெட்டிலிருந்து ஒரு கவர் நிறையப் பூ கொடுத்து அனுப்பினாள், நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டேன். காலியான நாற்காலிகளில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில், அன்றிலிருந்து மைக் பிடிக்கிற அந்த மகளின் குரல் ஒரு வினாடி வழுக்கியது. நான் அதற்குள் எழுந்துவிட்டேன். வாரா வாரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாதா? மைக் தெறித்து விழுந்து உடைந்தது. ஒரு காலத்தில் அதன்மேல் தூசு பட்டாலும் எனக்குப் பொறுக்காது. பெண்ணின் தலை தரையில் படுவதற்குள் என் மடியில் ஏந்தி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சாவிக் கொத்தோடு ஓடி வந்த மூப்பரை ஒரே அதட்டலில் நிறுத்தினேன். அந்த வாய்க்கு அங்கே ஒரு பயன் இருந்தது. போதகர் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் யாரும் எழுந்து போகவில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் காத்திருந்தோம்.

அவள் கண் விழித்து, எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்தாள். இன்றைக்கு இது போதும், வீட்டுக்குப் போகலாம் என்று அவள் அம்மா சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "எந்த எடத்துல விட்டேன், அக்கா?" என்று கேட்டாள்.

போதகர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை அவள் காதருகில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவள் மைக் இல்லாமலே எழுந்து நின்று, மழைச் சத்தத்துக்கு மேலாகக் குரலெடுத்து அதைக் கன்னடத்தில் சொன்னாள். வலது பக்கம் மொத்தமும் ஆமென் என்றது. இடது பக்கமும் சேர்ந்து சொன்னது. அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள். ஓசூர் வட்டாரத்திலேயே அவளுக்கு இணை கிடையாது, நான் கேட்டவரையில் சொல்கிறேன்.